நோக்காம் என்றொரு குறி

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த மூன்று வருடங்களில், தன் முன்னால் முதலில் வைக்கப்பட்ட தட்டிலேயே இத்தா சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை.

பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மூட்டைகள், மேலே ஏழு பேர், ஏழு கணினிகள். கல்யாண மண்டபங்களையும் ஓட்டல்களையும் முன்பதிவு செய்வதற்கான மென்பொருளை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர் அவர்தான். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை இத்தா என்பார்கள், அலுவலகத்திலும் அதுவே அவருக்குப் பெயர். எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து போன ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், விசைப்பலகையில் ஆங்கிலம். தமிழ் எழுதச் சொன்னால் மட்டும், "அது உன் வேலை மோளே" என்று பேனாவை என் பக்கம் தள்ளுவார். நான் விருதுநகர்க்காரி.

மதியம் நாங்கள் போகிற ஓட்டலில் தேனிக்காரர் ஒருவர் பரிமாறுவார். இத்தாவைப் பார்த்ததுமே அவர் முகம் சுண்டிவிடும்.

"கரிமீன் இருக்கா?"

"கேட்டுச் சொல்றேன் இத்தா."

"இல்லேன்னா மத்தி வை. ஆனா கேட்டியா, மத்தி வச்சப்புறம் கரிமீன் வந்துட்டா, மத்தியை எடுத்துட்டு கரிமீன் வைக்கணும்."

மத்தி வரும். இத்தா சோற்றைப் பிசைவார், மீனைத் தொடமாட்டார். கண் அடுக்களை வாசலிலேயே இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்து மேசைக்குக் கரிமீன் போவது தெரிந்தால் கை உயர்ந்துவிடும்.

"மத்தியைத் தொட்டுட்டீங்க இத்தா."

"தொடல. பாத்தேன், அவ்வளவுதான். மரியாதையா எடுத்துட்டுப் போ."

அந்த 'மரியாதையா' முக்கியம். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவது என்பது நாம் எல்லோரும் செய்துகொள்கிற ஏற்பாடுதான். சற்று நேரத்தில் முதலாவதை மறந்தும்விடுகிறோம். இத்தா மறக்கமாட்டார். எர்ணாகுளம் போக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பார். படகு வருவதாக யாராவது சொன்னால் இறங்கிவிடுவார். இறங்கும்போது ஓட்டுநரிடம் போய், "ஒண்ணும் விசாரிக்கண்டா, தப்பா நினைக்காதீங்க, உங்க பஸ் நல்ல பஸ்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

இது எனக்கே ஒருமுறை நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டாவது நாள், இத்தா என் மேசைக்கு வந்து ஒரு பழம்பொரியை வைத்தார். சூடான நேந்திரம்பழ பஜ்ஜி.

"சாப்பிடு மோளே. நீ பி. இப்போ ஏ வந்துடுச்சு."

எனக்குப் புரியவில்லை. ஏ, அதாவது இந்த வேலைக்கு அவர் முதலில் தேர்ந்தெடுத்தது, ஆலுவாவிலிருந்து வந்த ஒரு பெண்ணையாம். அவள் 'நோக்காம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது அவள் வந்து வாசலில் நிற்கிறாள். நான் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே குளியலறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது ஆலுவாப் பெண் இல்லை. மாடிப்படியில் சுக்கு மூட்டைகளின் நடுவிலிருந்து பூனை அளவுக்கு ஓர் எலி எழுந்து அவளைப் பார்த்ததாம். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

"சாப்பிட்டாச்சா? போய் வேலையைப் பாரு," என்றார் இத்தா. அவர் குரலில் கொஞ்சமும் சங்கடம் இல்லை. அன்று எனக்கு அவர் மேல் பயம் வந்தது. பிரியம் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

'நோக்காம்' என்றால் மலையாளத்தில் 'பார்க்கலாம்'. கொச்சியில் யாரும் எதற்கும் இல்லை என்று சொல்வதில்லை. மண்டபம் கிடைக்குமா? நோக்காம். பையன் வீட்டில் சம்மதமா? நோக்காம். எங்கள் மென்பொருளில் பெரிய தலைவலியே அதுதான். ஒருவர் பெரிய மண்டபம் கேட்பார். மண்டபக்காரர் நோக்காம் என்பார். சின்ன மண்டபத்தைப் பதிவு செய்வோம். பத்து நாளில் பெரியது காலியாகும். உடனே சின்னதை விடுவித்து, பெரியதைப் பிடித்து, இரண்டு பேருக்கும் தகவல் அனுப்ப வேண்டும். இதை எழுத ஒவ்வொரு இடத்திலும் நாற்பது வரி ஆகும்.

"கூட்டலுக்கு ஒரு குறி இருக்கு, கழித்தலுக்கு ஒரு குறி இருக்கு. ஏ இல்லேன்னா பி எடுத்துக்கோன்னு சொல்றதுக்கும்கூட குறி இருக்கு," என்றார் ஒரு நாள். "ஏ அப்புறமா வந்தா என்ன செய்யணும்னு சொல்ல ஒரு குறி இல்ல. ஏன் இல்ல?"

கேட்டதோடு அவர் விடவில்லை. ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் ஓர் அலைக்கோடு. இதுதான் குறி. ஏ, இந்தக் குறி, பி என்று எழுதினால், ஏ இருந்தால் ஏ, இல்லாவிட்டால் பி, பிறகு ஏ வந்துவிட்டால் பி-யை மரியாதையாக அனுப்பிவிட்டு ஏ. நாற்பது வரிக்குப் பதில் இரண்டு எழுத்து. குறிக்கு 'நோக்காம்' என்றே பெயர் வைத்தார். எனக்கு அது முதலில் 'நோகாம' என்றுதான் காதில் விழுந்தது. சொன்னதும் இத்தாவுக்கு ஒரே சந்தோஷம். "அதே! பி-யை நோகாம அனுப்பணும். ரெண்டு மொழியிலயும் சரியா வருது பாரு!"

நாங்கள் பயன்படுத்திய நிரல்மொழியில் எதையாவது புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் அதற்கு ஒரு குழு உண்டு. வெவ்வேறு நாடுகளில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர். யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம். அதில் எதற்காக, எப்படி, என்ன உதாரணம் என்று பல பகுதிகள் இருக்க வேண்டும். இத்தா இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதினார். "உலகத்துல எத்தனை லட்சம் பேர் இந்த மொழியில எழுதுறான். அதுல ஒரு குறி, மட்டாஞ்சேரிக்காரி ஒருத்தி வச்சதுன்னு இருக்கட்டுமே," என்றார். அப்படி எதையும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மீனைத் தவிர.

மூன்று வாரத்தில் குழுவின் தலைவரிடமிருந்து பதில் வந்தது. நல்ல மரியாதையான கடிதம். யோசனை சுவாரசியமாக இருக்கிறது, அடுத்த மாதக் கூட்டத்தில் பேசலாம், அதற்குமுன் ஒரே ஒரு சந்தேகம்: ஏ வருவதற்குள் பி தன் வேலையைத் தொடங்கியிருந்தால், பி-க்கு என்ன ஆகும்?

இத்தா அதை நாலைந்து முறை படித்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அடுத்த ஒரு மாதம் மட்டாஞ்சேரியில் யாரைப் பார்த்தாலும் அதே கேள்வி. நீ எப்பவாவது பி-யா இருந்திருக்கியா? உனக்கு என்ன ஆச்சு? மலையாளத்தில் சொல்வதை அவர் தமிழில் சொல்லுவார், நான் எழுதிக்கொள்ள வேண்டும். கும்பளங்கியிலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா கூடையை இறக்காமலே பதில் சொன்னாள். "மார்க்கெட் அடைச்சாத்தான் எல்லாரும் என்னைத் தேடும். ஞான் எப்பவும் பி தன்னே." ஓர் ஆட்டோக்காரர் பள்ளிக் கால்பந்து அணியில் மாற்று கோல்கீப்பராக இருந்தவர். "பதினோரு நிமிஷம் நின்னேன் இத்தா. அதுக்குள்ள மத்தவனுக்குக் கால் சரியாயிடுச்சு. அந்த ஜெர்சியை நான் இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் கொடுக்கல." இத்தா பரபரப்பானார். 'அனுப்பப்படும் பி, தன்னிடம் உள்ளதைத் திருப்பித் தராமல் போகக்கூடும்' என்று முன்மொழிவில் ஒரு தனிப் பகுதியே சேர்த்தார். ஆட்டோக்காரரின் ஜெர்சி அடிக்குறிப்பில் இடம் பெற்றது.

நோட்டில் முப்பதுக்கு மேல் பி-க்கள் சேர்ந்தார்கள். தன் வீட்டில் மட்டும் அவர் கேட்கவில்லை.

அவர் கணவர் கல்யாணங்களுக்கு மைக்செட்டும் விளக்கும் வாடகைக்குக் கொடுப்பவர். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். அங்கே அண்ணனை இக்கா என்பார்கள், எங்களுக்கு அவர் இக்கா. காணொளிக் கூட்டத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் வெளிச்சம் போதாது என்று இத்தா அவரை வரச் சொல்லியிருந்தார். அவர் கல்யாண மேடைக்குப் போடுகிற இரண்டு பெரிய விளக்குகளையும் ஒரு மைக்கையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். திரையில் இத்தா மணப்பெண் மாதிரி ஜொலித்தார். குழுவில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டு வாழ்த்துச் சொன்னார். இத்தா நன்றி சொன்னார்.

விளக்கம் நன்றாகத்தான் போயிற்று. மண்டபம், கரிமீன், படகு எல்லாவற்றையும் சொன்னார். பிறகு தலைவர் கேட்டார்: "எல்லாம் சரி. ஏ வந்தால் பி போய்விடும் என்கிறீர்கள். பி போகமாட்டேன் என்றால்?"

இத்தா சிரித்தார். "போகாம எப்படி? பி-க்கு அந்த உரிமையே இல்லையே."

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. விளக்கின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கணவர் நின்றிருந்தார். கரிமீன், படகு என்ற வார்த்தைகளை வைத்து விஷயத்தை ஒருமாதிரி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போக மாட்டான்," என்றார் தமிழில். "நான் போகலையே."

இத்தா திரும்பினார். "என்ன சொல்றீங்க?"

"நான் பி தானே? உன் வாப்பா முதல்ல பேசி வச்சது கப்பல்காரனை. அவன் வீட்டுல நோக்காம்னு சொன்னாங்க. அவன் கப்பல்ல போயிட்டான். அப்புறம்தானே என்கிட்ட வந்தாங்க."

"அது ஊருக்கே தெரியும். அவன்தான் வரவே இல்லையே."

"வந்தான்."

மைக் போட்டிருந்தது. அந்த 'வந்தான்' பத்து நாடுகளுக்குப் போயிற்று. தலைவர் என்ன பேச்சு என்று கேட்டார். மொழிபெயர்க்க நான்தான் இருந்தேன். வேறு வழி தெரியாமல் சொன்னேன்.

"நிக்காஹுக்கு ஆறு நாள் முன்னாடி," என்றார் அவர். "நம்ம கல்யாணத்துக்கு நான்தான் உங்க தெருவுல பல்ப் மாட்டிட்டு இருந்தேன். ஏணி மேல நிக்கிறேன். ஒருத்தன் கீழ நின்னு, இன்னார் வீடு எதுன்னு உன் வாப்பா பேரைச் சொல்லிக் கேக்குறான். யாருன்னு கேட்டேன். சொன்னான். இறங்கினேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொன்னேன். சாயா வாங்கிக் கொடுத்து, கூட்டிட்டுப் போய் அக்கரைக்கு, வைப்பின் தீவுக்குப் போற படகுல ஏத்தி விட்டேன். திரும்பி வந்து மீதி பல்பை மாட்டினேன்."

நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல திரையில் யாரும் அசையவில்லை. தலைவர் கவனமாகக் கேட்டார். "அப்படியானால் ஏ வந்துவிட்டது. ஆனால் அந்தத் தகவலை பி வழியிலேயே தடுத்துவிட்டது. சரியா?"

"சரி," என்றார் கணவர், நான் மொழிபெயர்த்ததும்.

குழுவில் யாரோ ஒருவர், 'இது பாதுகாப்புக் குறைபாடு' என்று எழுதிப் போட்டார்.

இத்தா திரையைப் பார்க்கவேயில்லை. கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கையில ஏதாவது கொண்டு வந்தானா?"

"ஹல்வா. ஒரு பெட்டி."

"அது எங்கே?"

"பல்ப் மாட்டுற ஆளுங்களோட சேர்ந்து தின்னுட்டோம்."

கூட்டம் அத்தோடு முடிந்தது. முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். இத்தா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவர் கணவர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்து, வயரைச் சுற்றி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். "இருபத்தாறு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்," என்றார். "மைக்கு முன்னாடி வந்துடுச்சு."

மூன்று நாள் இத்தா வீட்டில் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். பேசியதெல்லாம் ஹல்வாவைப் பற்றித்தானாம். ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

நான்காம் நாள் காலையில் என் மேசைக்கு வந்தார். தலையில் புது முக்காடு, அங்கே அதைத் தட்டம் என்பார்கள், அதில் ஓரம் முழுக்கப் பச்சைப் பூ. அவர் அப்படி உடுத்தி அலுவலகத்துக்கு வந்ததில்லை.

"விசாரிச்சுட்டேன். கப்பல் வேலையை விட்டுட்டு வைப்பின்லதான் இருக்கானாம். நீ என் கூட வா."

"எதுக்கு இத்தா?"

"ஏ வந்தா பி போகணும்னு நானே எழுதி அனுப்பியிருக்கேன். ஏ-யைப் பாக்காம எப்படி?"

மத்தித் தட்டைத் தள்ளிவைத்தவர், ஏறி உட்கார்ந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவர், பன்னிரண்டு நாளில் என்னை அனுப்பத் தயாராக இருந்தவர். இவர் எதையும் செய்யக்கூடியவர் என்று எனக்குத் தெரியும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து அக்கரைக்குப் படகில் சில நிமிடங்கள்தான். அவ்வளவு நேரமும் இத்தா நின்றுகொண்டே வந்தார்.

கப்பல்காரர் வீட்டு முன்னால் கோழிக்கூட்டுக்கு வலை அடித்துக்கொண்டிருந்தார். வழுக்கை, தொப்பை, வாய் நிறைய ஆணி. அவர் மனைவி எங்களை உட்காரவைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். இத்தா தன் வாப்பாவின் பெயரைச் சொன்னார். அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு யோசித்தார்.

"ஓ! மட்டாஞ்சேரி! ஞான் வந்தேனே. லைட் மாட்டுற ஒரு சேட்டன் இருந்தான். நல்ல மனுஷன், சாயா எல்லாம் வாங்கித் தந்தான். நீங்க கல்யாணம் முடிஞ்சு போயிட்டீங்கன்னு சொன்னான். எனக்கு எத்தனை ஆசுவாசம் தெரியுமா?"

"ஆசுவாசமா?"

"பின்னே? வேண்டான்னு சொல்லத்தானே வந்தேன்." மனைவியைக் காட்டினார். "இவளைப் பாத்து வச்சிருந்தேன் அப்பவே. வீட்டுல நோக்காம்னு சொல்லி விட்டுட்டாங்க. ஒரு பெண்ணை அப்படி நிறுத்தி வைக்கறது சரியல்லல்லோ. நேர்ல போய் மரியாதையா சொல்லிடலாம்னு ஹல்வாவும் வாங்கிட்டு வந்தேன். கிட்டியோ?"

இத்தா ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தார். கோழிகள் கால்களுக்கிடையே நடந்தன.

"கிட்டியது," என்றார். "நல்லா இருந்துச்சு."

திரும்பும்போது படகில் உட்கார்ந்தார். தட்டத்தின் நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அழுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, தோள் குலுங்கியது சிரிப்பால்தான். சிரித்து முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு மோளே. ஏ வந்தா எடுத்துக்கோன்னு எழுதினேன். ஏ எதுக்கு வருதுன்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

"இக்காகிட்ட சொல்லுங்க இத்தா. பாவம், இத்தனை வருஷம் மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்காரு."

"சொல்ல மாட்டேன். நீயும் வாயைத் திறக்கக் கூடாது." விரலை உயர்த்தினார். "ஒரு கப்பல்காரனை ஏணியிலேர்ந்து இறங்கி வந்து விரட்டி விட்டிருக்கார் அந்த மனுஷன். அவர் வாழ்க்கையில வேற யாரையும் விரட்டினது இல்ல. நான் போய் அது வெறும் சாயா செலவுதான்னு சொல்லவா?"

அலுவலகத்துக்கு வந்ததும் கணினியைத் திறந்தார். முன்மொழிவைத் திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு. நான் தடுத்துப் பார்த்தேன். எத்தனை மாத உழைப்பு, தலைவருக்குப் பிடித்திருந்தது, கொஞ்சம் திருத்தினால் போதும் என்றெல்லாம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. தன் பெயரை எழுதினார், குறியை எழுதினார். கடைசியில், திரும்பப் பெறுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம். அதில் ஒரே வரி தட்டினார்.

'பி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.'

ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு சின்னப் பிழை இருந்தது. காட்டினேன். "கிடக்கட்டும், அவங்களுக்குப் புரியும்," என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கணவர், அன்று மறந்து விட்டுப்போன வயர் ஒன்றை எடுக்க வந்தவர், மேலே வரத் தயங்கிக் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

இத்தா ஜன்னல் வழியே குனிந்து கத்தினார்: "அங்க என்ன நிக்கிறீங்க? மேல வாங்க."